அரிசி அண்டாவுக்குள் மாங்காய்: பழம் எப்படிப் பழுக்கிறது?

வைகாசி பிறந்தால் கிருஷ்ணகிரி பக்கத்து வீடுகளில் கட்டிலுக்கு அடியில் இடம் இருக்காது. சொந்தக்காரர் தோப்பிலிருந்து ஒரு சாக்கு, பக்கத்து வீட்டார் கொடுத்தது கால் சாக்கு என்று மாங்காய் வந்து சேரும். கீழே வைக்கோல், மேலே காய், அதற்கு மேல் பழைய வேட்டி. எங்கள் ஆயா அதிலிருந்து நாலைந்து நல்ல காயைப் பொறுக்கி, அரிசி அண்டாவுக்குள் கையை முழங்கை வரைக்கும் விட்டுப் புதைத்து வைப்பார். மூன்றாம் நாள், நான்காம் நாள் மூடியைத் திறந்தால் வாசனை முகத்தில் வந்து மோதும்.

"எப்படி ஆயா பழுக்குது?" என்று கேட்டால், "அரிசிச் சூட்டுல பழுக்குது கண்ணு" என்பார்.

அரிசிக்கு ஏது சூடு? அடுப்பில் ஏற்றினால்தான் சூடு. ஆனாலும் ஆயா சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. அது எது என்று பிறகு பார்ப்போம்.

வாட்ஸ்அப்பில் தினம் ஒரு வீட்டுக் குறிப்பு வந்து விழுகிறது. வாழைப்பழத்தையும் ஆப்பிளையும் ஒன்றாக வைக்காதீர்கள். மாங்காயை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். கூடையில் அழுகிய பழத்தை முதலில் எடுத்து எறியுங்கள். கொத்தமல்லிக் கட்டைப் பழத்தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு வாயு. அதன் பெயர் எத்திலீன்.

எத்திலீன் மிகச் சின்ன மூலக்கூறு. இரண்டு கார்பன் அணு, நான்கு ஹைட்ரஜன் அணு, அவ்வளவுதான். நிறம் கிடையாது. பழம் வெளிவிடும் அளவில் நம் மூக்குக்கும் எட்டாது. (அண்டாவைத் திறந்ததும் வருகிற வாசனை வேறு, அது பழுத்தபின் பழத்துக்குள் உண்டாகும் மணப்பொருள்கள்.) செடிகொடிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ஹார்மோன்களில் இதுவும் ஒன்று. மற்ற ஹார்மோன்கள் செடியின் சாற்றோடு ஓடும். இது வாயு என்பதால் ஒரு காயிலிருந்து கிளம்பிப் பக்கத்துக் காய்க்குள்ளும் நுழைந்துவிடும்.

விளைந்த மாங்காய் ஒன்று கொஞ்சம் எத்திலீனை வெளிவிடுகிறது. அந்த எத்திலீன் பட்டதும் அதே காய் இன்னும் அதிகமாக எத்திலீனைத் தயாரிக்கத் தொடங்குகிறது. பக்கத்தில் இருக்கும் காய்களும் கூடவே தொடங்குகின்றன. தெருவில் பொங்கல் வைக்கும்போது முதல் பானை பொங்கி ஒரு வீட்டில் "பொங்கலோ பொங்கல்" என்று சத்தம் கிளம்பினால், சற்று நேரத்தில் தெரு முழுக்க அதே சத்தமாக இருக்குமே, அதுபோலத்தான். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஒரு பங்கு, சில காய்களுக்கு அதிலும் பத்தில் ஒரு பங்கு எத்திலீன் இருந்தாலே போதும், வேலை தொடங்கிவிடும்.

என்ன வேலை? காய்க்குள் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து உடைந்து சர்க்கரை ஆகிறது. புளிப்பைத் தரும் அமிலங்கள் குறைகின்றன. செல்சுவர்களைப் பசைபோல ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் கரைவதால் காய் இளகுகிறது. தோலின் பச்சை மங்கி, மஞ்சள் மேலே தெரிகிறது. பாதி பழுத்த மாம்பழத்தைத் தின்றுவிட்டு "மாவு மாதிரி இருக்கு" என்கிறோமே, அது உவமை இல்லை. அங்கே இருப்பது உண்மையிலேயே மாவுதான்.

இந்த வேலை நடக்கும்போது காய் வேகமாக மூச்சு விடும்; மூச்சு விட்டால் வெப்பமும் வரும். மாங்காய்க் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதகதப்பு தெரியும். ஆயா சொன்ன சூடு இதுதான். அது அரிசியின் சூடு இல்லை, காயின் சூடு. அரிசி செய்வது காவல் வேலை மட்டும். காயிலிருந்து வரும் எத்திலீனும் வெப்பமும் சட்டென்று ஓடிவிடாமல் சுற்றி நின்று மறித்துக்கொள்கிறது. வைக்கோலும் அதைத்தான் செய்கிறது, காகிதப் பையும் அதைத்தான் செய்கிறது. பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி முடிந்தால் மட்டும் ஆகாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் தோல் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். ஆக்ஸிஜன் தீர்ந்துபோனால் பழத்தில் கள் வாடை அடிக்கும். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பாலித்தீன் பையும் எத்திலீனின் பிள்ளைதான். எத்திலீன் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தால் கிடைப்பதே பாலித்தீன்.

விளைவது வேறு, பழுப்பது வேறு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் கவனமாகப் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பழுத்த பழத்தைப் பற்றிய முக்கால்வாசிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வருவது.

விளைவது, முற்றுவது என்பது மரத்தில் இருக்கும்போது நடப்பது. இலைகள் தயாரித்த உணவு காம்பு வழியாக வந்து காய்க்குள் மாவுச்சத்தாகச் சேரும். பறித்த நிமிடத்தோடு அந்த வரவு நின்றுபோகிறது. பழுப்பது என்பது அதன்பிறகு, கையிருப்பில் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவது. கையிருப்பே இல்லாத பிஞ்சை எத்தனை நாள் வைக்கோலில் வைத்தாலும், எவ்வளவு எத்திலீன் கொடுத்தாலும் நிறம் மாறும், இளகும். இனிப்பு மட்டும் வராது. மாற்றுவதற்கு உள்ளே சரக்கு இருந்தால்தானே? தமிழில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: வெம்பல். வயதுக்கு மீறிப் பேசும் பிள்ளையைப் "பிஞ்சிலேயே பழுத்தது" என்று திட்டும்போது நாம் சொல்வதும் இதையே.

தோப்புக்காரர்கள் விளைச்சலைப் பார்க்கும் விதம் அழகு. என் மாமாவுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் சின்னத் தோப்பு. அவர் காயைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது காம்பைச் சுற்றியுள்ள தோளை. இளங்காயில் காம்பு மேலே துருத்திக்கொண்டு இருக்கும், தோள் சரிந்திருக்கும். விளைந்த காயில் இரண்டு தோளும் எழும்பி, காம்பு ஒரு சின்னக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். அடுத்து, மரத்தில் ஒன்றிரண்டு பழம் தானாகப் பழுத்து விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். விழுந்திருந்தால் அந்த மரத்துக் காய் பறிக்கத் தயார். பறிக்கும்போதும் காம்பு ஒரு விரல் நீளம் இருக்கும்படி பறித்து, பிறகு காம்பைக் கிள்ளிக் கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிடுவார். அந்தப் பால் தோலில் வழிந்தால் கறுத்துச் சுட்டுவிடும். பழத்தில் காம்புப் பக்கம் கறுப்புத் தாரை தெரிகிறதே, பல நேரம் அது நோய் இல்லை, பால் பட்ட தழும்பு.

வீட்டில் நாம் செய்யக்கூடிய சோதனை, ஒரு வாளித் தண்ணீரில் காயைப் போடுவது. நன்றாக விளைந்த காய் மூழ்கும், இளங்காய் மிதக்கும். மாவுச்சத்து சேரச் சேரக் காயின் அடர்த்தி கூடுவதால் இப்படி. "மிதந்தால் அது கார்பைடு போட்ட பழம்" என்று ஒரு குறிப்பு ஊரெல்லாம் சுற்றுகிறது. அது தவறு. மிதப்பது விளையாமல் பறித்ததைக் காட்டுகிறதே தவிர, எதை வைத்துப் பழுக்கவைத்தார்கள் என்பதைக் காட்டாது. இளசாகப் பறிப்பவர்கள்தான் கார்பைடைத் தேடிப் போவார்கள் என்பதால் இரண்டும் சேர்ந்தே வரலாம், அவ்வளவுதான்.

கார்பைடு கல் என்ன செய்கிறது?

பருவம் தொடங்கும்போது முதலில் சந்தைக்கு வரும் பழத்துக்கு விலை அதிகம். அதனால்தான் அவசரம். கால்சியம் கார்பைடு என்பது வெல்டிங் பட்டறையில் பயன்படும் சாம்பல் நிறக் கல். ஈரம் பட்டதும் அதிலிருந்து அசிட்டிலீன் என்ற வாயு வரும். இது எத்திலீனுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. அதே பூட்டுக்குக் கொஞ்சம் பொருந்துகிற கள்ளச்சாவி. காய் ஏமாந்து பழுக்கத் தொடங்கிவிடும். சிக்கல் அசிட்டிலீனில் மட்டும் இல்லை. தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு சிறிதளவு இருக்கும். அந்த எச்சம் பழத்தோலில் ஒட்டலாம், அதைக் கையாளும் கூலித் தொழிலாளிக்கும் கேடு. இந்தியாவில் 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் கார்பைடு வாயுவால் பழுக்கவைத்த பழத்தை விற்பதைத் தடை செய்திருக்கின்றன.

அப்படியென்றால் "செயற்கையாகப் பழுக்கவைத்தது" எல்லாமே விஷமா? இல்லை. 2016-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த அனுமதி கொடுத்தது. உச்ச அளவு 100 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு. மூடிய அறைக்குள் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி, எத்திலீனைச் செலுத்தி, பிறகு காற்றோட்டம் கொடுத்துப் பழுக்க வைக்கிறார்கள். பழம் தானே தயாரிக்கும் வாயுவைத்தான் நாம் வெளியிலிருந்து கொஞ்சம் முன்னதாகக் கொடுக்கிறோம். ஆயாவின் அரிசி அண்டாவைப் பெரிய அளவில் கட்டினால் இதுதான். எத்திலீன் வாயுவை வெளிவிடும் பவுடர் பொட்டலங்களும் கடைகளில் புழங்குகின்றன. அவற்றைப் பழத்தின் மேல் நேரடியாகப் படும்படி வைக்கக் கூடாது. மருந்துத் தண்ணீரில் பழத்தை முக்கி எடுப்பதும் கூடாது.

கடையில் பார்த்தவுடன் கண்டுபிடிக்க முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே நேர்மையான பதில். கூடை முழுக்க ஒரே பெயிண்ட் அடித்த மாதிரி மஞ்சள், மூக்கருகில் வைத்தாலும் வாசனை இல்லை, அறுத்தால் கொட்டைப் பக்கம் வெள்ளையாகக் கடினமாக இருக்கிறது என்றால் சந்தேகப்படலாம். நான் நம்புவது நிறத்தை அல்ல, காம்புப் பக்கத்து வாசனையை. இன்னொன்று, பருவம் தெரிந்து வாங்குவது. பங்குனியிலேயே தள்ளுவண்டியில் பளபளக்கும் மஞ்சளைக் கண்டு கை நீட்டினால், ஏமாற்றியது வியாபாரி மட்டும் இல்லை, நம் அவசரமும்தான். நீலம் கடைசியில் வருகிற ரகம். மற்றவை ஓய்ந்த பிறகும் அது கிடைக்கும். கிளிமூக்கு என்று நாம் சொல்லும் தோத்தாபுரியைப் பழுக்கும்வரை பலர் விட்டு வைப்பதில்லை. கீற்றி உப்பு, மிளகாய்த்தூள் தூவி பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே தீர்த்துவிடுகிறோம். மிச்சம் மாங்கூழ் ஆலைகளுக்குப் போகிறது.

விளக்குக் கம்பமும் மண்ணெண்ணெய் அடுப்பும்

இந்த வாயுவை மனிதர்கள் அதன் பெயர் தெரியாமலேயே ரொம்ப காலம் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். நம் ஊரில் வாழைத்தாரைக் குழிக்குள்ளோ அறைக்குள்ளோ அடுக்கிப் புகை போட்டு மூடுவது பழைய வழக்கம். புகையில் எத்திலீன் உண்டு. பழங்கால எகிப்தியர்கள் ஒருவகை அத்திக்காயைக் கத்தியால் கீறிவிட்டுப் பழுக்க வைத்தார்கள். காயம் பட்டால் செடி எத்திலீனை அதிகமாக உண்டாக்கும். கீறல் செய்த வேலை அதுதான். காற்றில் விழுந்து அடிபட்ட மாங்காய், அடிபட்ட பக்கம் மட்டும் முதலில் இளகுவதும் இதனால்தான்.

எத்திலீன் பிடிபட்ட கதை தோப்பில் நடக்கவில்லை, தெருவில் நடந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்குகள் நிலக்கரி வாயுவில் எரிந்தன. பூமிக்குள் குழாய் கசிந்த இடங்களில் மரங்கள் பருவம் தவறி இலை உதிர்த்தன. 1901-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நெல்யுபோவ் என்ற இளம் ஆய்வாளர், ஆய்வகத்துக்குள் முளைத்த பட்டாணி நாற்று மட்டும் ஏன் மேல்நோக்கி வளராமல் பக்கவாட்டில் படுத்து வளர்கிறது என்று துருவிப் பார்த்து, விளக்கு வாயுவில் இருந்த எத்திலீனே காரணம் என்று காட்டினார். 1920-களில் அமெரிக்காவில் இன்னொரு வேடிக்கை. எலுமிச்சையை மஞ்சளாக்கக் கிடங்குகளில் மண்ணெண்ணெய் அடுப்பு வைத்திருந்தார்கள். சூட்டால்தான் நிறம் மாறுகிறது என்பது அவர்கள் எண்ணம், நம் ஆயாவைப் போல. அடுப்பை எடுத்துவிட்டு வேறு வழியில் சூடேற்றியபோது எலுமிச்சை பச்சையாகவே கிடந்தது. வேலை செய்தது சூடு இல்லை, அடுப்புப் புகையில் இருந்த எத்திலீன் என்று டென்னி என்பவர் நிறுவினார். பழமே இந்த வாயுவைத் தயாரிக்கிறது என்பது 1934-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன், ஆப்பிளை வைத்து உறுதிப்படுத்தியது.

எல்லாக் கனியும் அண்டாவில் பழுக்காது

மா, வாழை, பப்பாளி, கொய்யா, சப்போட்டா, பலா, தக்காளி, நம் மலையடிவாரங்களில் கிடைக்கும் சீத்தா இவையெல்லாம் விளைந்தபின் பறித்தால் வீட்டில் பழுக்கும். எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு, திராட்சை, மாதுளை, அன்னாசி அப்படியில்லை. செடியில் இருக்கும்போது எவ்வளவு இனித்ததோ அவ்வளவுதான். எலுமிச்சையின் தோல் மஞ்சளாகலாம், உள்ளே புளிப்பு இனிப்பாகாது. பச்சைத் திராட்சையை வாங்கி வைத்து "நாளைக்கு இனிக்கும்" என்று காத்திருப்பது வீண். ஆகவே இரண்டாம் கூட்டத்தை வாங்கும்போதே ருசி பார்த்து வாங்க வேண்டும். முதல் கூட்டத்தைக் காயாகவே வாங்கிக்கொள்ளலாம்.

நெல்லிக்காயும் இரண்டாம் கூட்டத்தில்தான் வருகிறது. தகடூர் அதியமான் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த கதை தர்மபுரிப் பிள்ளைகள் பாலோடு குடித்து வளர்வது. நெல்லியைப் பழுக்கப் போட்டு வைத்திருந்து கொடுக்க வழியே இல்லை என்பதால், அவர் உடனே கொடுத்ததில் தாவர அறிவியலும் அடங்கியிருக்கிறது என்று நான் பள்ளிப் பிள்ளைகளிடம் கிண்டலாகச் சொல்வதுண்டு.

இனி அந்த வாட்ஸ்அப் குறிப்புகளுக்கு வருவோம். பழுத்த வாழை, ஆப்பிள், மாம்பழம் மூன்றும் எத்திலீனை நிறைய விடுகிறவை. காயைச் சீக்கிரம் பழுக்கவைக்க வேண்டுமா, இவற்றில் ஒன்றை அதனுடன் காகிதப் பையில் போடுங்கள். தள்ளிப்போட வேண்டுமா, பிரித்து வையுங்கள். கொத்தமல்லி, கீரை, வெள்ளரிக்காய் இவை எத்திலீன் பட்டால் சீக்கிரம் மஞ்சளாகும். கேரட்டை ஆப்பிளோடு பல நாள் வைத்தால் கசக்கத் தொடங்கும். கேரட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் வளரும் கார்னேஷன் பூவும் இந்த வாயு பட்டால் இதழ் சுருண்டு தூங்கிப்போகும். பூங்கொத்தைப் பழக்கூடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அழுகிய பழத்தை முதலில் எடுக்கச் சொல்வதற்கு இரண்டு காரணம்: காயம்பட்ட பழம் எத்திலீனைக் கொட்டும், பூஞ்சையும் பரவும்.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். ஒரு வருடம் ஊருக்குப் போக வேண்டியிருந்தது, "கெட்டுப்போகாமல் இருக்கட்டும்" என்று இரண்டு டஜன் மாங்காயை அப்படியே ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டுப் போனேன். பத்து நாள் கழித்து எடுத்து வெளியில் வைத்தால் தோலில் சாம்பல் நிறத் திட்டு, உள்ளே சப்பென்று ஒரு ருசி. வெப்ப நாட்டுக் காய்களுக்குக் கடும் குளிர் ஒத்துக்கொள்ளாது. மாங்காயும் வாழைக்காயும் ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே பல நாள் கிடந்தால் குளிர்க்காயம் படும். பிறகு வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. பழுத்த பிறகு ஃபிரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். வாழைப்பழத்தின் தோல் மட்டும் கறுக்கும், உள்ளே கெடாது. தக்காளிக்கும் இதே கதை. இராயக்கோட்டை மண்டியிலிருந்து தொலைதூரத்துக்கு லாரி ஏறும் தக்காளி செங்காயாகத்தான் ஏறுகிறது. போகிற வழியில் பழுத்துக்கொள்ளும். அதை வாங்கி நேராக ஃபிரிட்ஜில் தள்ளினால் நிறம் வராது, மணமும் போய்விடும். இரண்டு நாள் வெளியில் கூடையில் கிடக்கட்டும்.

அணில் கடித்த பழம் இனிக்கும் என்ற நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பழுத்ததைத் தேடித்தான் அணில் வருகிறது. கடித்த காயமும் எத்திலீனைக் கூட்டும். ஆகவே இனிப்பு உண்மைதான். ஆனால் அணிலோ வௌவாலோ கடித்த பழத்தை இப்போது யாரும் சாப்பிட வேண்டாம். வௌவால் எச்சில் வழியாக நிப்பா போன்ற வைரஸ் பரவக்கூடும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே மரத்து மாங்காய் நாலு எடுத்து வைக்கோலில் போடுங்கள். இரண்டு நாளுக்கு ஒன்றாக அறுத்து, ஒரு சின்னத் துண்டின் மேல் முதலுதவிப் பெட்டியில் இருக்கும் அயோடின் மருந்தை ஒரு சொட்டு விடுங்கள். மாவுச்சத்து இருக்கும் இடம் கருநீலமாக மாறும். முதல் நாள் துண்டு முழுக்கக் கறுக்கும். அடுத்ததில் திட்டுத் திட்டாக. கடைசிக் காய் நன்றாகப் பழுத்திருந்தால் மருந்தின் பழுப்பு நிறம் மட்டும் அப்படியே நிற்கும், நீலம் தெரியாது. சொட்டு விட்ட துண்டைக் குப்பையில் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் மீதிப் பழத்துக்கு யார் கொட்டையைச் சூப்புவது என்று சண்டை வந்ததால், நாலாவது காயோடு ஆராய்ச்சி நின்றுபோனது.